டயட் தோற்ற பிறகு: எடைக்குறைப்பு மருந்தின் நியாயமும் கணக்கும்

“அரிசியை அடியோட நிறுத்தியாச்சு டாக்டர். ராத்திரி ரெண்டே சப்பாத்தி. காலையில வெந்நீர்ல எலுமிச்சம்பழம், சாயங்காலம் முக்கால் மணி நேரம் நடை. மூணு மாசத்துல ஏழு கிலோ குறைஞ்சுது. அடுத்த ஆறு மாசத்துல எட்டு கிலோ ஏறிடுச்சு.” சர்க்கரை நோய் மருத்துவர்களின் அறைகளில், எண்கள் மட்டும் மாறி, ஆண்டுக்கணக்கில் ஒலித்துவரும் வாக்குமூலம் இது. அதன் கடைசி வரிதான் புதிது. கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்கப்படுவது: “அந்த ஊசியை எனக்கு எழுதித் தரலாமா?”

குரல் ஏன் தாழ்கிறது? இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை கேட்பவர் கூச்சப்படுவதில்லை. உப்பைக் குறைத்தும் கொதிப்பு அடங்கவில்லையா, மாத்திரை போடு என்று வீடே சொல்லும். எடை விஷயத்தில் மட்டும், வாயைக் கட்டத் தெரியாதவர் குறுக்குவழி தேடுகிறார் என்ற எண்ணம் கேட்பவருக்கும் இருக்கிறது. சீட்டு எழுதுபவருக்கும் சில வேளை இருக்கிறது. இந்தக் கூச்சத்துக்கு உடலியலில் ஆதாரம் கிடையாது என்பது இக்கட்டுரையின் முதல் வாதம். டயட்டைத் தோற்கடித்த அதே உடலியல்தான் மருந்தை நிறுத்தியவுடனும் தலைதூக்குகிறது. ஆகவே, நிறுத்துவதைப் பற்றி முதல் சந்திப்பிலேயே பேசாமல் எழுதப்படும் சீட்டு அரைகுறைச் சீட்டு என்பது இரண்டாவது.

முதல் வாதத்துக்கான பழைய சான்று ஒரு கால்பந்து மைதானத்தின் அடியில் கிடைத்தது. 1944 நவம்பரில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக விளையாட்டரங்கத்தின் கீழ் இருந்த ஆய்வுக்கூடத்தில் உடலியலாளர் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களைக் குடியமர்த்தினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, மாற்றுப் பணியாக இந்தச் சோதனைக்குத் தாமே முன்வந்தவர்கள். 24 வாரம் அவர்களுக்குப் பாதி வயிற்றுக்குத்தான் சாப்பாடு: உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி. உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கு கரைந்தது. நாடித்துடிப்பு மந்தமானது, கோடையிலும் குளிர் எடுத்தது. அதைவிடக் கவனிக்க வேண்டியது மனம் போன போக்கு. சமையலில் அதுவரை எந்த நாட்டமும் இல்லாதவர்கள் சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள், தட்டை நக்கினார்கள், பேச்செல்லாம் சாப்பாட்டைப் பற்றியே இருந்தது. கட்டுப்பாடு தளர்ந்து எடை திரும்பியபோது, உடலில் கொழுப்பு முன்பிருந்ததைவிடக் கூடுதலாகவே சேர்ந்தது. மன உறுதிக்குப் பேர்போனவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கே இந்தக் கதி.

ஒல்லியான இளைஞர்களைப் பட்டினி போட்டதை வைத்துப் பருமனானவர்களைப் பற்றிப் பேசலாமா என்ற மறுப்பு நியாயமானது. அதற்கான விடை பின்னர் வந்த ஆய்வுகளில் இருக்கிறது. ‘த பிக்கஸ்ட் லூசர்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை, ஆய்வாளர் கெவின் ஹால் குழுவினர் ஆறு ஆண்டுகள் கழித்து மீண்டும் அளந்து, 2016-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். போட்டியின்போது சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தவர்கள், அதில் 41 கிலோவை மீட்டிருந்தார்கள். அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது வேறு: சும்மா உட்கார்ந்திருக்கையில் அவர்கள் உடல் எரிக்கும் ஆற்றல், அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாக இருந்தது. செலவைச் சுருக்கிக்கொண்ட குடும்பம், வருமானம் மீண்ட பிறகும் பழைய சிக்கனத்தை விடாததைப் போல. 2011-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு பசியின் பக்கத்தைக் காட்டியது. பத்து வாரக் கடும் டயட்டுக்குப் பின் ஓராண்டு கழித்தும், பசியைத் தூண்டும் கிரெலின் உயர்ந்தும், போதும் என்று சொல்லும் லெப்டின் போன்றவை தாழ்ந்தும் இருந்தன. வரவைக் கூட்டு, செலவைக் குறை என்று உடல் இரண்டு பக்கமும் உத்தரவு போட்டுவிடுகிறது. டயட் இருப்பவர் போராடுவது நாக்கோடு மட்டும் இல்லை.

இந்த இடத்தில்தான் ஊசி நுழைகிறது. சாப்பிட்டவுடன் குடல் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் இன்சுலினைத் தூண்டுகிறது, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது, மூளைக்கு ‘போதும்’ என்று தகவல் அனுப்புகிறது. இரத்தத்தில் அதன் ஆயுள் ஓரிரு நிமிடம். நியூயார்க்கில் ஆய்வாளர் ஜான் எங் 1990-களின் தொடக்கத்தில் ‘கிலா மான்ஸ்டர்’ என்ற நச்சுப் பல்லியின் சுரப்பில் இதைப் போலவே வேலை செய்து, எளிதில் சிதையாத ஒரு பொருளைக் கண்டார். அதன் வழி வந்த எக்ஸெனடைட் 2005-இல் சர்க்கரை நோய் மருந்தானது. (இன்றைய ஊசிகளில் பல்லி விஷம் இருக்கிறது என்று சொல்பவர்கள் கதையின் பாதியை மட்டும் கேட்டவர்கள். இன்றைய ஊசிகளில் ஒன்றான செமாக்ளூடைட் மனித ஹார்மோனைச் சற்றே மாற்றி, இரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ள வைத்து, வாரம் முழுக்க நிலைக்கச் செய்த வடிவம்.) இன்னொரு ஊசியான டிர்செபடைட் இதோடு ஜிஐபி என்ற இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

செமாக்ளூடைடின் முதன்மை ஆய்வான ‘ஸ்டெப்-1’ 2021-இல் வெளியானது. 1,961 பேர், 68 வாரம். மருந்து பெற்றவர்களின் எடை சராசரியாக 14.9 விழுக்காடு குறைந்தது. போலி ஊசி பெற்றவர்களுக்கு 2.4. இந்த இரண்டாவது எண்ணைப் பலரும் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். போலி ஊசிக்காரர்களும் சும்மா விடப்படவில்லை. உணவு ஆலோசனையும் உடற்பயிற்சி வழிகாட்டலும் இரு தரப்புக்கும் ஒன்றே. அதாவது, ஒழுங்காகக் கண்காணிக்கப்பட்ட டயட் ஓராண்டுக்கு மேல் தந்தது அவ்வளவுதான். டிர்செபடைடின் ‘சர்மவுண்ட்-1’ ஆய்வில், உச்ச அளவில் 72 வாரத்தில் 20.9 விழுக்காடு.

இனி இரண்டாவது வாதம். ஸ்டெப்-1 முடிந்து மருந்து நிறுத்தப்பட்டவர்களில் ஒரு பகுதியினரை ஓராண்டு தொடர்ந்து கவனித்தார்கள். இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. இரத்த அழுத்தம் உள்ளிட்ட நன்மைகள் பலவும் பழைய இடத்தை நோக்கி நகர்ந்தன. மினசோட்டாவில் நடந்ததும் இதுவே, தொலைக்காட்சிப் போட்டியாளர்களுக்கு நடந்ததும் இதுவே. மருந்து பசியின் குரலை அடக்கி வைக்கிறது. குரலை எழுப்பும் ஏற்பாடு அப்படியே இருக்கிறது. ஆனால் நம் ஊரில் மருந்து என்றால் ‘கோர்ஸ்’. ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக், ஆறு மாதக் காசநோய் மாத்திரை, பிறகு விட்டுவிடலாம். “கல்யாணத்துக்கு முன்னாடி பத்து கிலோ” என்று கேட்டு வருபவரின் மனக்கணக்கு இந்தக் கோர்ஸ் கணக்குத்தான். அவருக்கு இன்னொரு செய்தியும் சொல்லப்பட வேண்டும்: கருத்தரிக்கத் திட்டமிட்டால் செமாக்ளூடைடைக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்தியாக வேண்டும், டிர்செபடைட் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கக்கூடும். முகூர்த்த நாளைக் குறித்துக்கொண்டு தொடங்கும் ஊசிக்கு இவை அற்ப விவரங்கள் ஆகா.

பழைய எடைக்குறைப்பு மருந்துகளின் வரலாறும் எச்சரிக்கிறது. 1930-களில் டைநைட்ரோஃபீனால் உடலைச் சூடேற்றி எடையைக் குறைத்தது. கண்புரையையும் சாவையும் கொடுத்தது. 1990-களில் ‘ஃபென்-ஃபென்’ என்ற இரட்டைச் சேர்க்கை அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்தது. அந்தச் சேர்க்கைக்கு முறையான ஒப்புதலே இருந்ததில்லை. 1997-இல் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 24 பெண்களின் இதய வால்வுப் பழுதை அறிவித்த சில வாரங்களில் அதன் ஒரு பாதியான ஃபென்ஃப்ளூரமின் சந்தையை விட்டுப் போனது. ரிமோனபன்ட் மனச்சோர்வால் 2008-இல் ஐரோப்பாவில் வீழ்ந்தது. சிபுட்ரமின் மாரடைப்பு அச்சத்தால் 2010-இல் மேலை நாடுகளிலும், அடுத்த ஆண்டு இந்தியாவிலும் விலக்கப்பட்டது. இந்தப் பட்டியலைக் காட்டி இன்றைய ஊசிகளையும் ஒதுக்குவோர் உண்டு. ஒரு வேறுபாட்டை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை: பழைய மருந்துகளைப் பின்னர் தெரியவந்த தீங்கு வீழ்த்தியது, செமாக்ளூடைடை நீண்ட ஆய்வு உயர்த்தியது. 17,604 பேரைக் கொண்ட ‘செலக்ட்’ ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய்ச் சாவு ஆகியவை சேர்ந்து 20 விழுக்காடு குறைந்தன. எனினும் அதில் இருந்தவர்கள் 45 வயதைத் தாண்டிய, ஏற்கெனவே இதய நோய் கண்டவர்கள். அந்த எண்ணை 26 வயதுக்காரருக்குக் கடன் கொடுக்க முடியாது.

யாருக்கு எழுதலாம் என்பதில் இந்தியச் சிக்கல் ஒன்று இருக்கிறது. 2004-இல் லான்செட் இதழில் ஒரு படம் வந்தது. புனே ஆய்வாளர் யாஜ்னிக்கும் லண்டன் ஆய்வாளர் யுட்கினும் அருகருகே நிற்கிறார்கள். இருவரின் உடல் நிறைக் குறியெண்ணும் 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. பார்வைக்கு மெலிந்தவரின் உள்ளே இரண்டு மடங்குக்கு மேல் கொழுப்பு. இதனால்தான் 2009-இல் இந்திய வல்லுநர்கள் 25-ஐயே பருமனின் எல்லையாக வகுத்தார்கள். இடுப்பளவில் ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80. ஊசிகளுக்கான ஒப்புதலோ 30 என்ற எல்லையை, இணைநோய் இருந்தால் 27-ஐ, வைத்திருக்கிறது. குறியெண் 26, சர்க்கரை எல்லையைத் தொடுகிறது, கல்லீரலில் கொழுப்பு, இடுப்பு 98 செ.மீ. என்றிருக்கும் ஒருவர், இந்திய வரையறைப்படி பருமனானவர். ஒப்புதல் விதிப்படி ஊசிக்கு உரியவரல்லர். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது பருமன் உடையவர்கள் என்று தெரிந்தது. அங்கே எல்லைக்கோடு 25. எந்தக் கோட்டை நம்புவது என்பது இவர்களில் பலருக்கு ஏட்டுக் கேள்வியாக இராது. எடை இயந்திரத்தை நம்புவதைவிட இடுப்பைச் சுற்றும் டேப்பை நம்புவது மேல் என்பதே இக்கட்டுரையாளரின் நிலை.

அடுத்தது காசு. டிர்செபடைடின் வணிகப் பெயரான மவுன்ஜாரோ 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது 2.5 மி.கி. குப்பி 3,500 ரூபாய், 5 மி.கி. 4,375. வாரம் ஒன்று. மாதம் நான்கு என்றால் தொடக்கத்தில் 14,000, பிறகு 17,500. ஃபிரிட்ஜில் தோசை மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், உறைந்துபோகாத இடமாகப் பார்த்து வைக்கப்படும் அரை மில்லி திரவம், மாதக் கணக்கில் பல வீடுகளின் வாடகைக்குச் சமம். கையில் காசு உள்ள மட்டும் போட்டுக்கொண்டு நிறுத்துபவருக்கு, மூன்றில் இரண்டு பங்கு எடை திரும்புவதோடு வேறொரு நட்டமும் உண்டு. ஸ்டெப்-1 ஆய்வின் உடற்கூறு அளவீட்டில், குறைந்த எடையில் ஐந்தில் இரண்டு பங்கு தசை உள்ளிட்ட கொழுப்பற்ற திசு. போவது தசையும் கொழுப்பும். திரும்பி வருவதில் கொழுப்பின் பங்கு பெரிதாக இருந்தால், எடை பழையதாகவும் உடல் முன்னைவிட மோசமாகவும் முடியும். இட்லி, சாதம், ரசம் என்று மாவுச்சத்தில் ஓடும் நம் தட்டில், பசியும் பாதியாகிவிட்டால் முதலில் காணாமற்போவது புரதம். ஊசி போடுபவருக்கு முட்டை, பருப்பு, மீன், தயிர் பற்றிய பேச்சும் பளு தூக்கும் பயிற்சியும் மருந்தின் ஒரு பகுதி. டயட் தோற்றதால் வந்தவருக்கு மறுபடி டயட்டா என்று சலிப்பு வரலாம். இம்முறை பசி அவரோடு மல்லுக்கு நிற்காது என்பது பெரிய வித்தியாசம்.

குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் ஆகியவை பொதுவானவை. அளவைப் படிப்படியாக, நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுவது அதற்காகவே. பித்தப்பைக் கல்லும் கணைய அழற்சியும் அரிதானாலும் மெய். குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டுப் புற்று இருந்தால் இந்த ஊசிப் பக்கமே போகக்கூடாது.

செமாக்ளூடைடின் இந்தியக் காப்புரிமைக்கு 2026 மார்ச் வரைதான் ஆயுள். உள்நாட்டு நிறுவனங்களின் போட்டியில் விலைத் தடை தளரும்போது அறைக்குள் வருவோர் கூட்டம் பெருகும். தாழ்ந்த குரலில் கேட்பவரை உட்காரவைத்து, பேசிப் பார்க்க மருத்துவர்கள் இப்போதே பழகிக்கொள்ள வேண்டும். சீட்டில் மருந்தின் பெயருக்குக் கீழே இன்னும் மூன்று எழுதப்பட வேண்டும்: இன்றைய இடுப்பளவு, மறுபரிசோதனைத் தேதி, மருந்தை நிறுத்த நேர்ந்தால் என்ன செய்வது என்ற குறிப்பு. சீட்டில் அதற்கு இடம் இருக்கிறது.