கழிவுநீர் யார் பொறுப்பு? அலபாமாவின் லௌண்ட்ஸ் கவுண்டியில் அன்றாட வாழ்வும் அரசின் எல்லையும்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தலைநகரான மாண்ட்கோமரியிலிருந்து தென்மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் ஹேன்வில் இருக்கிறது. ஆயிரம் பேர்கூட இல்லாத சிற்றூர். ஆனாலும் லௌண்ட்ஸ் கவுண்டியின் தலைமையிடம் அதுதான். ஊர் நடுவே நீதிமன்றம், சில கடைகள், தேவாலயங்கள். ஊரைத் தாண்டினால் மேய்ச்சல் நிலமும் மரக்காடும். இடையிடையே தள்ளித் தள்ளி வீடுகள். அவற்றில் பல டிரெய்லர் வீடுகள். கவுண்டி முழுவதிலும் சுமார் 10,000 பேர் வாழ்கிறார்கள். நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர். மருத்துவமனை கிடையாது. அவசரம் என்றால் மாண்ட்கோமரிக்கோ செல்மாவுக்கோ காரில்தான் ஓட வேண்டும்.

இவையெல்லாம் தென்மாநிலச் சிற்றூர்கள் பலவற்றுக்கும் பொதுவானவை. லௌண்ட்ஸ் கவுண்டியைப் பற்றி உலகம் பேசத் தொடங்கியது கழிவுநீரால். கழிப்பறைத் தண்ணீர் ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியே வீட்டுக்குப் பின்னால் சில அடி தூரத்தில் வெட்டவெளியில் விழுகிறது. அங்குள்ளவர்கள் அதை 'ஸ்ட்ரெயிட் பைப்' என்பார்கள். செப்டிக் டேங்க் வைத்திருப்போரின் நிலையும் பெரிதாக மேம்பட்டதல்ல. கனமழை பெய்தால் கழிவு திரும்பி வந்து குளியல் தொட்டியில் ஏறுகிறது. ஹேன்விலில் ஊராட்சிக் கழிவுக் குழாயோடு இணைந்து மாதக் கட்டணம் கட்டும் வீடுகளின் முற்றத்திலும் அது பொங்குகிறது. பாதிக்கப்பட்ட வீடுகள் 40 முதல் 90 சதவீதம் வரை என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு. இத்தனை அகலமான மதிப்பீடு நெடுங்காலம் புழங்கியதே, வீடு வீடாக எண்ணிப் பார்க்கும் கடமையை யாரும் ஏற்கவில்லை என்பதற்குச் சான்று.

இந்நிலைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு: மண், வறுமை. இரண்டும் உண்மை; ஆனால் இரண்டும் போதாதவை. கழிவுநீர் எந்த இடத்தில் பொதுப்பொறுப்பாக இருப்பது முடிந்து தனிமனிதக் கடமையாக மாறுகிறது என்ற எல்லைக்கோட்டை அரசு எங்கே வரைந்தது என்பதே இவ்வாழ்நிலையைத் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் மண். 'பிளாக் பெல்ட்' எனப்படும் இவ்வட்டாரத்தில் சுண்ணப்பாறை அடுக்கின்மேல் ஒட்டும் களிமண் கிடக்கிறது. நம் கரிசலைப் போலவே நனைந்தால் உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். நீர் கீழே இறங்காது. செப்டிக் டேங்கிலிருந்து வெளியேறும் நீரை மண் உறிஞ்சினால்தான் அந்த அமைப்பு வேலை செய்யும், இங்கே உறிஞ்சுவதில்லை. ஆகவே வேறிடத்து மண்ணைக் கொண்டுவந்து மேடு கட்டி, பம்ப் வைத்துக் கழிவுநீரை அதில் ஏற்றும் அமைப்பு தேவை. அதற்கு 15,000 டாலருக்கு மேல், சில இடங்களில் 30,000 டாலர் வரை ஆகும்.

மண்ணே காரணம் என்போர் விளக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்தச் சுண்ணப்பாறைக்குப் புவியியலாளர்கள் சூட்டிய பெயர் செல்மா சுண்ணம். பக்கத்து நகரமான செல்மாவின் பெயர் அது. அதே பாறைமேல் நிற்கும் அந்நகரில் பொதுக் கழிவுக் குழாய்கள் ஓடுகின்றன. ஆகவே மண் செலவைக் கூட்டுகிறது என்பதோடு அதன் பங்கு முடிகிறது. அந்தச் செலவை யார் தலையில் ஏற்றுவது என்பது மனிதர் எடுத்த முடிவு.

1972-ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டம் அம்முடிவைத் தெளிவாகக் காட்டுகிறது. கழிவுநீர் ஆலை கட்டும் உள்ளாட்சிகளுக்குக் கூட்டரசு 75 சதவீதச் செலவைத் தந்தது. அப்பணத்தால் நகரவாசியின் கழிவு பொதுச் சொத்தின் வழியே வெளியேறியது. ஆலையும் குழாயும் எட்டாத நாட்டுப்புற வீட்டுக்காரர் முழுச் செலவையும் தாமே ஏற்க வேண்டியவரானார். 1987-க்குப் பிறகு அந்த மானியமும் படிப்படியாகக் கடனாக மாறியது. கடன் வாங்கித் திருப்பித் தரும் வருவாய் உள்ள ஊர்களுக்கே அது உதவும்.

வீடுகள் சிதறிக் கிடப்பதால் வேறு வழியில்லை என்ற வாதத்துக்கு மின்சாரமே மறுப்பு. 1935-இல் நாட்டுப்புற மின்மயமாக்கல் அமைப்பு உருவானது. குறைந்த வட்டிக் கடனும் கூட்டுறவுச் சங்கங்களும் சேர்ந்து, தனியார் நிறுவனங்கள் லாபமில்லை என்று ஒதுக்கிய ஒற்றை வீடுகளுக்கும் கம்பி இழுத்தன. கழிவுநீருக்கு மட்டும் அதே தூரம் தடையாயிற்று.

அடுத்து வறுமை. லௌண்ட்ஸின் வறுமை வரலாற்றின் விளைவு. அதை ஏதோ இயற்கைக் குணம்போல் பேசக் கூடாது. அடிமைகளின் உழைப்பில் பருத்தி விளைந்து செல்வம் கொழித்த நிலம் இது. விடுதலைக்குப் பின்னும் நிலம் பழைய கைகளிலேயே தங்கியது. உழைத்தவர்கள் வாரக் குத்தகைக்காரர்களாக முதலாளியின் குடிசையில் வாழ்ந்தார்கள். 1965-இன் தொடக்கத்தில், கறுப்பின மக்களே பெரும்பான்மையாக இருந்த இக்கவுண்டியில் வாக்காளர் பட்டியலில் ஒரு கறுப்பினத்தவர்கூட இல்லை. அவ்வாண்டு வாக்குரிமை கேட்ட குடும்பங்களை நிலவுடைமையாளர்கள் வெளியேற்றினார்கள். அவர்களில் சிலர் 80-ஆம் எண் நெடுஞ்சாலையோரம் கூடாரம் அடித்து வாழ்ந்தார்கள். தங்கள் வாழ்நிலத்தில் குழாய் எங்கே போக வேண்டும் என்று முடிவெடுத்த அவைகளில் இம்மக்களுக்குக் குரல் இருக்கவில்லை.

நிலம் கிடைத்தவர்களுக்கும் சிக்கல் தீரவில்லை. உயில் எழுதாமல் இறந்த பாட்டனின் நிலம் பேரப்பிள்ளைகளிடம் பிரிபடாத பொதுப்பங்காக நிற்கிறது. தெளிவான பட்டா இல்லாத அந்நிலத்தை ஈடு வைக்க முடியாது. பல அரசு உதவிகளும் கிடைப்பதில்லை. அதன்மேல் நிற்கும் டிரெய்லர் வீடோ வாங்கிய நாளிலிருந்தே விலை இறங்குவது. வீட்டின் மதிப்பையே விழுங்கும் செலவில் கழிவுநீர் அமைப்பு வை என்று சட்டம் சொன்னால், அதை நிறைவேற்ற அக்குடும்பத்திடம் வழியே இல்லை. அப்படியிருந்தும் 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் இங்கே வீட்டுக்காரர்கள்மீது குற்ற வழக்குப் போடப்பட்டது, சிலர் கைதானார்கள். உள்ளூரில் வளர்ந்த கேத்தரின் கோல்மன் ஃபிளவர்ஸ் இதை எதிர்த்து இயக்கம் கட்டினார். 2017 டிசம்பரில் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ஃபிலிப் ஆல்ஸ்டன் நேரில் வந்து பார்த்தார்.

அதே ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, லௌண்ட்ஸில் 55 பேரிடம் எடுத்த மாதிரிகளில் 34.5 சதவீதத்தில் கொக்கிப்புழுவின் தடயம் கண்டது. செய்தித்தாள்கள் அதைப் பற்றிக்கொண்டன. மாதிரி சிறியது, முடிவு மறுக்கப்பட்டும் உள்ளது. என் கருத்தில் வாதத்தை அப்புழுவின்மேல் கட்டுவது தவறு: நாளையே ஒரு புழுவும் இல்லை என்று நிறுவப்பட்டாலும், குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் மலநீர் தேங்குவது அநீதிதான். கொக்கிப்புழுவுக்கு வரலாற்று முக்கியத்துவம் வேறு வகையில் உண்டு. 1909 முதல் 1914 வரை ராக்கஃபெல்லர் சுகாதார ஆணையம் தென்மாநிலங்களில் மருந்து கொடுத்தது, கழிப்பறை கட்டச் சொல்லிப் பிரசாரம் செய்தது. அந்த அனுபவத்தோடே ராக்கஃபெல்லர் அறக்கட்டளை 1916-இல் இலங்கைத் தோட்டங்களுக்கும் வந்தது. அங்கே வேலை செய்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். இரு இடங்களிலும் உழைப்பவர் குடியிருந்த வீடு அவருடையதன்று. கழிப்பறை கட்டும் அதிகாரம் முதலாளியிடம் இருக்க, உபதேசம் மட்டும் உழைப்பாளியை நோக்கிப் போயிற்று.

நூறாண்டுக்குப் பின் 2021 நவம்பரில், 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின் கீழ் அமெரிக்க நீதித்துறை லௌண்ட்ஸில் விசாரணை தொடங்கியது. 2023 மே மாதம் மாநிலச் சுகாதாரத் துறையோடு உடன்பாடு எட்டப்பட்டது: தண்டனைகளை நிறுத்துவது, தேவையை வீடு வீடாக அளவிடுவது, புதிய அமைப்புகளுக்கு வழி செய்வது. முதன்முறையாகக் கழிவுநீர் குடிமகனின் குற்றம் என்பதிலிருந்து அரசின் கடமை என்பதை நோக்கி நகர்ந்தது. ஆனால் 2025 ஏப்ரலில் கூட்டரசின் புதிய நிர்வாகம், பன்முகத்தன்மைத் திட்டங்களுக்கு எதிரான தன் கொள்கையைக் காட்டி அவ்வுடன்பாட்டை முடித்துக்கொண்டது. வெள்ளையர் வீடுகளிலும் இதே மண், இதே குழாய் உண்டு என்பது அம்முடிவில் கணக்கில் வரவில்லை.

இதுவரை புதைக்கப்பட்ட அமைப்புகளைப் பற்றியும் ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. மேட்டு அமைப்பின் பம்புக்கு மின்சாரம் வேண்டும், தொட்டியைக் குறித்த காலத்தில் வார வேண்டும், பழுதானால் உதிரிப்பாகம் வேண்டும். பொருத்தித் தந்துவிட்டுப் பராமரிப்பை மறுபடி வீட்டுக்காரரிடமே விட்டால், சில ஆண்டுகளில் அவர் பழைய குழாயையே நாட வேண்டியிருக்கும். மின்கூட்டுறவு கம்பத்தையும் மீட்டரையும் தன்னுடையதாக வைத்துக்கொண்டு மாதக் கட்டணம் வாங்குவதுபோல், முற்றத்தில் உள்ள தொட்டியையும் பம்பையும் கவுண்டி அளவிலான ஒரு பொது அமைப்பு தன் உடைமையாக ஏற்றுக் கட்டணத்தை வருவாய்க்கேற்ப வகுக்க வேண்டும். அதற்குத் தேவையான நிதியைக் கவுண்டியின் மெலிந்த வருவாயிலிருந்து எடுக்க முடியாது. நிலவரி மிகக் குறைவான அமெரிக்க மாநிலங்களுள் அலபாமாவும் ஒன்று. எனவே லௌண்ட்ஸின் கழிவுநீர் பற்றிய அடுத்த ஆய்வு, பரந்த காட்டுநிலங்களுக்கு அங்கே என்ன வரி விதிக்கப்படுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.