இசைத்தட்டில் பாட வேறுபாடு

ஏட்டுச் சுவடிகளில் பாட வேறுபாடு உண்டென்பதைத் தமிழாசிரியர் நன்கறிவர். இசைத்தட்டிலும் அஃது உண்டென்றால் சிலர் வியப்புறலாம். பாடியதைப் பொறி அப்படியே பிடித்து வைத்திருக்க, வேறுபாடு எங்ஙனம் புகும் என்று வினவவும் கூடும். மேனாட்டு ராக் இசையில் பெரும்படைப்புகள் எனப் போற்றப்படும் 1960களின் தட்டுகளைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

மோனோ என்பது ஒலி முழுவதையும் ஒரே வழியில் செலுத்தும் முறை. ஸ்டீரியோ என்பது இடம், வலம் என இரு வழிகளில் பிரித்துச் செலுத்தும் முறை. ஆங்கிலப் பொறியாளர் ஆலன் புளூம்லைன் 1931ஆம் ஆண்டிலேயே ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கோரினார். எனினும் அத்தகைய தட்டுகள் கடைகளில் பரவத் தொடங்கியது 1958ஆம் ஆண்டிலேதான். அப்போதும் இளைஞரிடம் இருந்தவை பெரும்பாலும் ஒற்றை ஒலிபெருக்கி கொண்ட சிறு கிராமபோன்களும் ரேடியோக்களுமே. ஆகவே அவர்கள் விரும்பிய இசைக்கு மோனோவே முதன்மை வடிவமாயிற்று.

பீட்டில்ஸ் குழுவினரின் முதல் எல்.பி. தட்டு 1963இல் வெளிவந்தது. லண்டன் ஆபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில், குரல் நாடாவின் ஒரு பாதையிலும் கருவிகள் மற்றொரு பாதையிலும் பதியப்பட்டன. இப்பிரிவு ஸ்டீரியோ கருதியதன்று; பின்னர் இரண்டையும் அளவறிந்து கலந்து மோனோவாக்குதற்கே அமைந்தது. அதனையே ஸ்டீரியோவாக வெளியிட்டபோது, குரல் ஒருபுறமும் கருவிகள் மறுபுறமுமாகப் பிரிந்து நின்றன. வேலை வசதிக்காக எழுந்த பிரிவைக் கலைஞரின் கருத்தெனக் கொள்ளுதல் பிழையாகும்.

1967இல் வெளிவந்த 'சார்ஜண்ட் பெப்பர்' தட்டில் வேறுபாடு இன்னும் ஆழமானது. மோனோக் கலவையைச் செய்தபோது பீட்டில்ஸ் குழுவினர் உடனிருந்து கருத்துரைத்தனர். ஸ்டீரியோக் கலவையோ, அவர்கள் இல்லாமலே, தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் பொறியாளர்களும் சில நாட்களில் முடித்தது. 'ஷீஸ் லீவிங் ஹோம்' என்னும் பாடல் மோனோவில் விரைவாகவும் ஏறத்தாழ அரைச்சுரம் உயர்ந்தும் ஒலிக்கிறது; ஸ்டீரியோவில் தாழ்ந்து மெல்லச் செல்கிறது. அதன் துயரத்தைப் புகழ்ந்தெழுதுவோர் எந்தப் படியைக் கேட்டு எழுதுகின்றனர்?

1968இல் வெள்ளை உறையுடன் வந்த இரட்டைத் தட்டில் 'ஹெல்டர் ஸ்கெல்டர்' மோனோவில் ஏறத்தாழ மூன்றரை நிமிடத்தில் தேய்ந்து மறைகிறது. ஸ்டீரியோவில் மறைந்த இசை மீண்டும் எழுந்து நாலரை நிமிடம்வரை செல்கிறது. இறுதியில் முரசடிப்பவரான ரிங்கோ ஸ்டாரின் கூச்சலும் கேட்கிறது. மோனோ மட்டும் வைத்திருந்தவர் அக்கூச்சலைக் கேட்டதேயில்லை.

அமெரிக்காவின் பீச் பாய்ஸ் குழு 1966இல் வெளியிட்ட 'பெட் சவுண்ட்ஸ்' வேறொரு பாடம் புகட்டுகிறது. அதனை அமைத்த பிரையன் வில்சனுக்கு வலக்காது கேளாது. அவர் மோனோவிலேயே அமைத்தார். விற்பனை கருதிய நிறுவனம் மோனோ ஒலியையே இரண்டாகத் திரித்துப் போலி ஸ்டீரியோவாகவும் விற்றது. முறையான ஸ்டீரியோ வடிவம் 1997இல்தான் வந்தது.

இவற்றால் மோனோவே என்றும் மூலம் எனத் துணிதலும் தவறு. பீட்டில்சின் 'ஆபி ரோடு' (1969) ஸ்டீரியோவுக்கென்றே கலக்கப்பட்டது. அதற்குத் தனி மோனோக் கலவை இல்லை. எது மூலம் என்பதை ஆண்டும் ஆக்கிய முறையுமே தீர்மானிக்கும்.

மோனோ வழக்கொழிந்தபின் நேர்ந்த இழப்பே கருதத்தக்கது. 1987இல் 'சார்ஜண்ட் பெப்பர்' குறுந்தட்டாக வந்தபோது ஸ்டீரியோ வடிவமே இடம்பெற்றது. மோனோ வடிவம் குறுந்தட்டில் முறையாக வந்தது 2009இல். இடைப்பட்ட 22 ஆண்டுகளில் வளர்ந்தோர் பலர், ஆக்கியோர் அருகிருந்து செம்மை செய்த வடிவத்தை அறியாமலே அப்படைப்பை அறிந்ததாக எண்ணினர். 2017இல் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் புதிய ஸ்டீரியோக் கலவை செய்தபோது பழைய மோனோவையே வழிகாட்டியாகக் கொண்டார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

சுவடியைப் பதிப்பிப்போர் எந்த ஏட்டைக் கொண்டனர் என்று கேட்பது நம் மரபு. பாட்டைப் பற்றி எழுதுவோரிடமும் எந்தத் தட்டைக் கேட்டீர் என்று வினவுதல் வேண்டும். இவ்வினா எழாத இடத்தில், எஞ்சிய படியே மூலமாகி, வழக்கொழிந்த படி வரலாற்றிலிருந்தும் மறைந்துவிடும்.