பழங்கருவியும் புதுக்குரலும்

பழைய கருவியொன்று புதியதோடு இணைக்கப்படும்போது, இரண்டின் மொழியையும் அறிந்த மூன்றாவதொன்று இடையே தோன்றுதல் இயல்பு. அவ்விடைநிலை எவர் வசமுள்ளது என்பதே இணைப்பின் பயனைத் தீர்மானிக்கின்றது. இல்லக் கருவிகளின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1975 இல் ஸ்கொட்லாந்தின் கிளென்ரோதஸ் நகரிலிருந்த பிக்கோ இலத்திரனியல் நிறுவனம் ‘எக்ஸ்-10’ என்னும் முறையை உருவாக்கியது. வீட்டில் ஏற்கெனவே உள்ள மின்கம்பி வழியே சைகைகளை அனுப்பி, விளக்கு முதலியவற்றை எட்ட இருந்தே இயக்க அது வழிசெய்தது. பதினாறு எழுத்துகளும் பதினாறு எண்களும் சேர்ந்த 256 முகவரிகள், ஏற்றுதல், அணைத்தல் போன்ற சில ஏவல்கள் ஆகியனவே அதன் மொழி. 2014 இல் அமேசன் நிறுவனத்தின் ‘எக்கோ’ வெளிவந்தபோது பேச்சினாலேயே கருவிகளை ஏவும் வழக்கம் வீடுகளிற் பரவலாயிற்று. ஆயினும் எக்கோ எக்ஸ்-10 சைகையை அறியாது. எனவே பேச்சேவலைப் பழைய சைகையாக மாற்றும் சிறு கணினியொன்று இடையில் வைக்கப்பட வேண்டியதாயிற்று.

இடைக்கருவி பிறர் வசமிருப்பின் நேரும் இடரும் விரைவில் வெளிப்பட்டது. பல்வேறு இல்லக் கருவிகளை இணைத்த ‘ரிவோல்வ்’ என்னும் மையக் கருவியின் நிறுவனத்தை 2014 இல் நெஸ்ட் நிறுவனம் வாங்கியது. 2016 மே மாதத்தில் அதன் சேவை நிறுத்தப்பட்டது. பழுதெதுவும் இல்லாத மையக் கருவி வாங்கியோர் வீட்டிலேயே பயனற்றுப் போயிற்று.

இடைநிற்போரின் வலிமையை மலையகம் நன்கு அறியும். ஹாலிஎல, பதுளை உள்ளிட்ட ஊவாத் தோட்டங்களில் துரையின் கட்டளைக்கும் தொழிலாளரின் பேச்சுக்கும் இடையே நின்றவர் கங்காணியே. கடன் விவரம் தாங்கிய ‘துண்டு’ தொழிலாளரைத் தளையிட்டது. 1921 ஆம் ஆண்டுச் சட்டமே அம்முறையை ஒழித்தது. மொழியறிவும் கடன் கணக்கும் ஒருவர் கையிற் சேர்ந்தமை அவருக்கு அளவற்ற அதிகாரத்தை அளித்தது.

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் மலைநாட்டிலேயே உண்டு. 1989 இல் தொடங்கிய கொத்மலைச் சமூக வானொலி, 1998 இல் யுனெஸ்கோவின் துணையுடன் இணையத்தோடு பிணைக்கப்பட்டது. நேயர்கள் கடிதம் மூலமும் தொலைபேசி மூலமும் வினாக்களை அனுப்பினர். அறிவிப்பாளர் இணையத்தில் விடை தேடி, துறையறிந்தோரைக் கொண்டு விளக்கமும் சேர்த்து, மக்கள் மொழியில் ஒலிபரப்பினார். வீட்டிலிருந்த பழைய வானொலிப் பெட்டியில் மாற்றமேதும் செய்யப்படவில்லை. கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் இணைய வசதி அமைக்கப்பட்டது. ஈண்டு இடைநின்றவர் கேட்போருக்குப் பதிலிறுக்கும் கடப்பாடுடையவராய் இருந்தார் என்பது மனங்கொளத்தக்கது.

2013 இல் தொடங்கிய ‘ஹோம் அசிஸ்டன்ட்’ என்னும் திறந்த மென்பொருள், இடைக்கருவியை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்க வழிசெய்துள்ளது. தொலைவிலுள்ள நிறுவனம் மூடப்பட்டாலும் அது இயங்கும். 2019 இல் கூகுள் நிறுவனத்தின் குரல் உதவியாளர் தமிழையும் ஏற்றது. எனினும் ஏட்டுத் தமிழை அறிதல் மட்டும் போதாது; லயத்து வீடுகளில் வழங்கும் பேச்சையும் அது விளங்கிக்கொள்ளல் வேண்டும். அன்றேல், தன் வீட்டு விளக்கை ஏற்றுவதற்கே மூதாட்டியொருத்தி பிறர் பேச்சைக் கற்க நேரிடும். இடைநிற்பது மனிதராயினும் கருவியாயினும், வீட்டாரின் மொழியறிந்து அவர்க்கே கட்டுப்பட்டிருத்தல் வேண்டும் என்பதே இவ்வரலாற்றால் பெறப்படும் முடிபாகும்.