மகாவலியின் வெள்ளங்களும் புலனாகாச் செறிவும்

பதினான்காம் நூற்றாண்டில் நான்காம் புவனேகபாகு தன் அரசிருக்கையை அமைத்த கம்பளை, மகாவலி கங்கையின் கரையிலுள்ள நகர். 'கங்கசிறிபுர' என்னும் பழம்பெயர் ஆற்றால் அது பெற்ற சிறப்பைக் காட்டும். அவ்வாறே அதற்கு இடருமாயிற்று. 1947 ஆகஸ்டில் பெருவெள்ளம் இப்பள்ளத்தாக்கிற் புகுந்தது. 2025 நவம்பர் இறுதியில், டித்வா சூறாவளி கொணர்ந்த மழையால் நகர் மீண்டும் நீரில் ஆழ்ந்தது. சுற்றியுள்ள மலைகளில் மண் சரிந்தது. இடிந்த வீடுகளை எங்கே மீளக் கட்டுவது என்ற வினாவுக்குள், இத்தகைய அழிவு எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை நேரும் என்ற வினாவும் அடங்கியிருக்கிறது.

காலத்தை ஒரு கோடாக வரைந்து, வெள்ளம் வந்த நாள்களை அதிற் புள்ளிகளாக இடலாம். புள்ளிகள் கண்ணுக்குப் புலனாவன. அவற்றைத் தோற்றுவிக்கும் வீதமோ புலனாகாதது. அவ்வீதத்தையே புள்ளிவிபரவியலார் செறிவு என்பர். 1837இல் புவசோன் என்னும் பிரெஞ்சுக் கணிதர் வகுத்த பரம்பலை, 1898இல் போர்ட்கேவிச் பிரசியப் படையில் குதிரை உதைத்து இறந்தோர் கணக்கிற்குப் பொருத்திக் காட்டினார். 10 படைப்பிரிவுகளின் 20 ஆண்டுப் பதிவில் 122 சாவுகள், சராசரி 0.61. சாவே நிகழாத பதிவுகள் 109 இருத்தல் வேண்டும் என்பது கணிப்பு. இருந்தனவும் 109.

கம்பளைக்கு இத்தகைய நீண்ட பதிவு வாய்க்கவில்லை. 1947ஐயும் 2025ஐயும் மட்டும் கொண்டு '78 ஆண்டுக்கு ஒன்று' என ஒருவர் கூறின், அக்கூற்றின் வலிமை யாது? செறிவு மாறாதது எனக் கொண்டாலும், ஒரேயோர் இடைவெளி தரும் சான்று மிகச் சிறிது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நம்பிக்கையுடன் கூறத்தக்கது, ஏறத்தாழ 21 ஆண்டுக்கு ஒன்று முதல் 3000 ஆண்டுக்கு ஒன்று வரை என்பதே. இவ்வளவு அகன்ற விடையை எந்தக் கச்சேரியும் விரும்பாது. அதனாற்போலும் 78 என்ற எண் கவர்ச்சி பெறுகிறது.

செறிவு மாறாதது என்பதும் ஐயத்துக்குரியது. பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்களில் 1851 முதல் 1962 வரை பத்துப் பேரும் அதற்கு மேலும் இறந்த விபத்துகள் 191. அவற்றை ஒருங்கே சராசரி கண்டால் ஒரு வரலாறே மறைந்துவிடும்: 1890 அளவில் அவற்றின் வீதம் ஆண்டுக்கு மூன்றிலிருந்து ஒன்றாகச் சரிந்தது. மகாவலியிலும் மாற்றங்கள் பல. காடழித்துக் கோப்பி நட்டனர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை வந்தது. 1985இல் கொத்மலை அணை எழுந்து மேற்புனலின் ஒரு பகுதியைத் தேக்கியது. அணைக்கு முந்திய புள்ளிகளும் பிந்திய புள்ளிகளும் ஒரே ஆற்றின் சான்றுகள் அல்ல எனலாம்.

மாறும் செறிவைக் காண்பதற்குரிய வழி, ஒவ்வொரு புள்ளியையும் சிறு மேடாகப் பரப்பிக் கூட்டுவது. 1985இல் பீற்றர் டிகிள் இம்முறையைப் புள்ளிச் செயன்முறைகளுக்கு விரித்தார். மேட்டின் அகலமே இங்கு உயிர்நிலை. அகலம் குறைந்தால் ஒவ்வொரு வெள்ளமும் தனிச் சிகரமாகிப் பொய் அச்சம் தரும். மிகுந்தால் கொத்மலை அணையே வரைபடத்திலிருந்து மறையும்.

மண்சரிவுகளில் சிக்கல் பெரிது. ஓர் இரவின் மழையில் நூறு இடங்கள் சரிந்தால் அவை நூறு தனித்தனிச் சான்றுகள் அல்ல. ஒரு தாய் மழையின் பிள்ளைகள். விண்மீன் மண்டலங்களின் திரள்களை விளக்க 1952இல் நெய்மனும் எலிசபெத் ஸ்கொட்டும் அமைத்த கொள்கை, வியப்பாக, இம்மலைகளுக்கும் பொருந்துகிறது. மேலும், ஆளில்லாக் காட்டிற் சரிந்த மண் எளிதிற் பதிவேட்டில் ஏறுவதில்லை; தோட்ட லயனின் பின்புறம் பெயர்ந்த சிறு மண்ணும், உயிர்ச்சேதம் இல்லையேல், விடுபடக்கூடும். அவ்வாறு விடுபட்ட சரிவு வரைபடத்தில் வெறுமையாகவே தோன்றும். வெறுமையைப் பாதுகாப்பு என்று வாசித்து அங்கேயே மீண்டும் லயன் கட்டவும் இடமுண்டு.