நீங்க போறது எந்த ஆத்தூர்? திண்டுக்கல் மாவட்டத்தின் ‘டபுள் ஆக்‌ஷன்’ ஊர்கள்!

தேர்தல் முடிவு வர்ற நாள். மொபைலில் ‘ஆத்தூர் தொகுதி முன்னிலை நிலவரம்’னு நோட்டிஃபிகேஷன் வருது. திண்டுக்கல்காரர் ஒருவர் சந்தோஷப்படுறார், சேலத்துக்காரர் ஒருவர் சோகமாகிறார். ஆனால், செய்தி யாருடைய ஆத்தூரைப் பற்றியது?

தமிழ்நாடு சட்டமன்றத்தில் ஆத்தூர் என்ற பெயரில் இரண்டு தொகுதிகள் இருக்கின்றன. ஒன்று திண்டுக்கல் மாவட்டத்தில், திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதிக்குள் வருவது. இன்னொன்று சேலம் மாவட்டத்தில், கள்ளக்குறிச்சி நாடாளுமன்றத் தொகுதிக்குள் வரும் தனித்தொகுதி. இதனால்தான் செய்திகளில் அடைப்புக்குறிக்குள் மாவட்டத்தின் பெயரையும் சேர்த்துப் போடுகிறார்கள்.

எத்தனை ஆத்தூர்?

கொஞ்சம் பிரபலமான ஆத்தூர்களை மட்டும் பார்ப்போம்.

திண்டுக்கல் ஆத்தூர்: மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம். இங்கிருக்கும் காமராஜர் அணைதான் திண்டுக்கல் நகரத்துக்குக் குடிநீர் தரும் முக்கிய ஆதாரங்களில் ஒன்று. சின்னாளபட்டி, காந்திகிராமம் எல்லாம் இந்த ஆத்தூர் வட்டத்தில்தான் வருகின்றன.

சேலம் ஆத்தூர்: வசிஷ்ட நதிக்கரையில் இருக்கும் நகரம். பழைய கோட்டை உண்டு. சேலம் - விருத்தாசலம் பாதையில் ரயில் நிலையமும் உண்டு. ரயில் டிக்கெட் ஆப்பில் ‘ஆத்தூர்’னு தேடினால் இந்த ஊர்தான் வரும்.

தூத்துக்குடி ஆத்தூர்: திருச்செந்தூர் பக்கம், தாமிரபரணிக் கரையில். வெற்றிலைக்குப் பெயர் போன ஊர். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் செய்தியில் வந்தது திண்டுக்கல் ஆத்தூரோ, சேலம் ஆத்தூரோ இல்லை.

செங்கல்பட்டு ஆத்தூர்: சென்னையிலிருந்து தென்மாவட்டங்களுக்குக் காரில் போகிறவர்களுக்கு ‘ஆத்தூர் டோல்கேட்’ என்று சொன்னால் போதும்.

ஏன் இத்தனை?

காரணம் பெயருக்குள்ளேயே இருக்கு. ஆறு + ஊர் = ஆற்றூர். பேச்சில் ‘காற்று’ காத்து ஆவதுபோல, ‘ஆற்றூர்’ ஆத்தூர் ஆகிவிட்டது. கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டும் இன்னும் ‘ஆற்றூர்’ என்றே எழுதும் ஒரு பேரூராட்சி இருக்கிறது.

ஆத்தூர் என்பது ஒருவிதத்தில் பெயரே இல்லை, அடையாளம். ‘ஆத்தங்கரையில இருக்கிற ஊர்’ அவ்வளவுதான். சுற்றுவட்டாரத்தில் ஆறு ஒன்று, ஊர் ஒன்று என்று இருந்த காலத்தில் அதுவே போதுமானதாக இருந்தது. நல்லூர், புத்தூர் கதையும் இதேதான். இலங்கையின் யாழ்ப்பாணத்தில்கூட நல்லூரும் உண்டு, புத்தூரும் உண்டு.

ஸ்பானிஷ்காரர்கள் கதை வேறு. அவர்கள் கடல் தாண்டிப் போனபோது சொந்த ஊர்ப் பெயரையும் கையோடு கொண்டுபோனார்கள். ஸ்பெயினிலும் கார்டோபா இருக்கு, அர்ஜென்டினாவிலும் இருக்கு. புனிதர்களின் பெயரையும் போகிற இடமெல்லாம் வைத்தார்கள். கோஸ்டா ரிக்காவின் தலைநகர் சான் ஹோசே, கலிஃபோர்னியாவிலும் ஒரு சான் ஹோசே. அங்கே பெயர் பயணம் செய்தது. நம்ம ஊரில் பெயர் அந்தந்த ஆற்றங்கரையிலேயே தனித்தனியாக முளைத்தது.

திண்டுக்கல்லில் இன்னும் சில ‘ட்வின்ஸ்’

கன்னிவாடி: திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி, திருப்பூர் மாவட்டத்தில் இன்னொரு பேரூராட்சி. ஆட்டுச் சந்தைக்குப் பெயர் பெற்றது திருப்பூர் கன்னிவாடி.

வடமதுரை: சௌந்தரராஜப் பெருமாள் கோயில் இருக்கும் வடமதுரை, திண்டுக்கல் - திருச்சி வழியில் இருக்கிறது. கோவை துடியலூர் பக்கமும் ஒரு வடமதுரை உண்டு. பழைய பக்தி இலக்கியங்களில் ‘வடமதுரை’ என்று வந்தால் அது இரண்டுமே இல்லை, கண்ணன் பிறந்த வடநாட்டு மதுரா.

நத்தம்: திண்டுக்கல் மாவட்டத்தில் இது ஒரு வட்டத் தலைநகர். ஆனால், நிலப் பத்திரத்தில் ‘நத்தம்’ என்று பார்த்தால் அது ஊர்ப் பெயராக இருக்க வேண்டியதில்லை. ஊர்க் குடியிருப்புக்கான நிலத்தை வருவாய்த் துறையில் அப்படித்தான் சொல்வார்கள். வீட்டு மனை பார்க்கிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிஞ்சு வெச்சுக்கணும்.

இன்னொரு பொறியும் உண்டு: கொடைக்கானல் ரோடு ரயில் நிலையம். பெயரை நம்பி ‘கொடைக்கானல் வந்தாச்சு’னு இறங்கினால், அது சமவெளியில் அம்மையநாயக்கனூரில் இருக்கும். மலை ஏற இன்னும் சுமார் 80 கிலோமீட்டர் போகணும்.

ஸ்பெல்லிங்கை நம்பலாமா?

ஆங்கிலத்தில் சேலம் ஆத்தூருக்கு இரண்டு ‘டி’, திண்டுக்கல் ஆத்தூருக்கு ‘டிஎச்’, தூத்துக்குடி ஆத்தூருக்கு முன்னால் கூடுதலாக ஒரு ‘யூ’ என்று பொதுவாக எழுதுகிறார்கள். 2020 ஜூனில், 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றித் தமிழக அரசு அறிவித்தது. விமர்சனங்கள் வந்ததால் சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. உச்சரிப்புப்படியே எழுதினால் எல்லா ஆத்தூரும் ஒரே ஸ்பெல்லிங்குக்கு வந்துவிடும். தமிழில் அந்தச் சிக்கல் ஏற்கெனவே இருக்கு. ஆகவே, ஸ்பெல்லிங்கை மட்டும் நம்பாதீங்க.

அப்போ எதை நம்பலாம்?

பின்கோடை! இந்தியாவில் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது. ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்ற அதிகாரி இதை உருவாக்கியதற்கு ஒரு முக்கியக் காரணமே, ஒரே பெயரில் பல ஊர்கள் இருந்த குழப்பம்தான். முதல் மூன்று எண்களைப் பார்த்தாலே பகுதி தெரிந்துவிடும். திண்டுக்கல் என்றால் 624, சேலம் என்றால் 636, தூத்துக்குடி என்றால் 628, செங்கல்பட்டு என்றால் 603.

மறக்காமல் செய்ய வேண்டியவை:

* பஸ் டிக்கெட் புக் செய்யும்போது ஊர்ப் பெயரோடு நிறுத்தாமல், வழியில் வரும் நிறுத்தங்களையும் பாருங்க. சின்னாளபட்டி பக்கம் போக வேண்டிய நீங்க, வாழப்பாடி தாண்டிப் போகும் பஸ்ஸில் ஏறிடாதீங்க.
* மேப்பில் முதலில் வரும் ஊரை அப்படியே தொடாதீங்க. ‘ஆத்தூர் திண்டுக்கல்’ என்று மாவட்டத்தையும் சேர்த்துத் தேடுங்க.
* கல்யாணப் பத்திரிகையில் மாவட்டம், பின்கோடு இரண்டையும் போடுங்க. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது லொகேஷனும் சேர்த்து அனுப்புங்க.
* போட்டித் தேர்வு, வேலைக்கான விண்ணப்பங்களில் தேர்வு மையம் எந்த மாவட்டம் என்று ஹால் டிக்கெட் வந்த அன்றே பார்த்துடுங்க. தேர்வு நாள் காலையில் பார்த்தால் பஸ் பிடித்துப் போய்ச் சேர நேரம் இருக்காது.
* ஆம்புலன்ஸ், போலீஸ் போன்ற அவசர அழைப்புகளில் முதலில் மாவட்டம், அப்புறம் வட்டம், கடைசியாக ஊர். இந்த வரிசையில் சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் இடத்தைச் சீக்கிரம் பிடிச்சிடுவார்.