ஈரல் வைத்தியமும் முதியோரின் இரைப்பையும்

லண்டன் கைஸ் மருத்துவமனையின் மருத்துவர் தாமஸ் அடிசன், 1849ஆம் ஆண்டில் மருத்துவக் கழகம் ஒன்றின் கூட்டத்தில் ஒருவகை இரத்தசோகையை விவரித்தார். இரத்தப்போக்கு, புற்றுநோய் முதலிய வெளிப்படையான காரணம் எதுவுமின்றி, பெரும்பாலும் நடுவயதைக் கடந்தவர்களிடம் அது மெல்லத் தலைகாட்டி, மேனியை வெளிறச் செய்து, எம்மருந்துக்கும் அடங்காமல் மரணத்தில் முடிந்தது. 1872இல் சூரிச் நகரின் அன்டன் பியர்மர் அதற்குப் 'பெர்னிசியஸ் அனீமியா', அதாவது உயிரைக் குடிக்கும் இரத்தசோகை, எனப் பெயர் சூட்டினார். 60 வயதை ஒட்டியே மிகுதியாக வெளிப்படும் இந்நோயின் தொடக்க அறிகுறிகளான சோர்வு, பசியின்மை, நாக்குப் புண், கால் மரத்தல் ஆகியவற்றை முதுமையின் இயல்பான தளர்ச்சியிலிருந்து பிரித்தறிவது எளிதாக இருக்கவில்லை. முதியவர் எவ்வளவு உண்கிறார் என்பதோடு, உண்டதில் எவ்வளவு அவர் உடலில் சேர்கிறது என்பதையும் கேட்கவேண்டும் என்று மருத்துவத்துக்குக் கற்பித்தது இந்த நோயின் வரலாறே ஆகும்.

இரைப்பையின் சுரப்பிகள் நலிவதால் இந்நோய் உண்டாகலாம் என்று அமெரிக்க மருத்துவர் ஆஸ்டின் ஃபிளிண்ட் 1860ஆம் ஆண்டிலேயே ஊகித்திருந்தார். ஆயினும் அந்த ஊகம் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் பயனின்றிக் கிடந்தது. ஆர்சனிக் மருந்தும் இரத்தம் ஏற்றுதலும் மண்ணீரலை அகற்றுதலும் முயன்று பார்க்கப்பட்டன. நோயாளிகளோ பெரும்பாலும் சில ஆண்டுகளுக்குள் இறந்தனர்.

திருப்பம் 1926இல் நேர்ந்தது. பாஸ்டன் மருத்துவர்களான ஜார்ஜ் மைனாட், வில்லியம் மர்ஃபி ஆகிய இருவரும் 45 நோயாளிகளுக்கு நாள்தோறும் 120 முதல் 240 கிராம் வரை ஈரல் உண்ணக் கொடுத்து, அவர்கள் தேறியதை அறிவித்தனர். மைனாட்டே நீரிழிவு நோயாளி. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர்தான் கண்டறியப்பட்ட இன்சுலின் இல்லாதிருந்தால் இந்த ஆய்வை நடத்த அவர் உயிரோடு இருந்திருக்கமாட்டார். ஈரலின்பால் அவர்கள் கவனத்தை ஈர்த்தவை, இரத்தம் வடிக்கப்பட்ட நாய்களுக்கு ஈரல் ஊட்டி ஜார்ஜ் விப்பிள் செய்த சோதனைகள். அந்நாய்களைத் தேற்றியது ஈரலில் உள்ள இரும்புச்சத்தே என்பதும், மனிதரின் கொடிய இரத்தசோகையை நீக்கியது முற்றிலும் வேறொரு பொருள் என்பதும் பின்னரே தெளிவாயின. தவறான ஒப்புமையிலிருந்து சரியான மருந்து கிடைத்த அரிய நிகழ்வு இது. மூவருக்கும் 1934இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

முதியோர் ஊட்டத்தைப் பொறுத்தவரை, இதனினும் ஆழமான கேள்வியை எழுப்பியவர் பாஸ்டன் நகர மருத்துவமனையின் வில்லியம் கேசில். நலமுள்ள மனிதர் கால் கிலோ ஈரலை நாள்தோறும் உண்ணாமலேயே நலமாக இருக்கும்போது, நோயாளிக்கு மட்டும் அது ஏன் தேவைப்படுகிறது என்று அவர் வினவினார். நோயாளிகளுக்குப் பத்து நாள் வெறும் மாட்டிறைச்சி கொடுத்தபோது மாற்றம் ஏதும் தோன்றவில்லை. நலமுள்ள ஒருவர் உண்ட இறைச்சியை ஒருமணி நேரம் கழித்து அவரது இரைப்பையிலிருந்து வெளியே எடுத்து, மேலும் செரிக்கவிட்டுக் குழாய் வழியே நோயாளிகளுக்குச் செலுத்தியபோது, இளம் சிவப்பணுக்கள் இரத்தத்தில் பெருகத் தொடங்கின. உணவிலுள்ள 'புறக்காரணி'யும் நல்ல இரைப்பை சுரக்கும் 'உட்காரணி'யும் சேர்ந்தால்தான் இரத்தம் ஊறும் என்பது 1929இல் அவர் வெளியிட்ட முடிவு. உட்காரணி என்பது, சிறுகுடலின் கடைப்பகுதி வரை புறக்காரணியைச் சுமந்து சென்று உறிஞ்சவைக்கும் ஒரு புரதம் என்பது பின்னாளில் அறியப்பட்டது.

இதே காலத்தில் இவ்வரலாற்றின் மற்றொரு இழை தென்னிந்தியாவில் பின்னப்பட்டது. பம்பாயின் ஏழைப் பெண் தொழிலாளர்களிடம், கருவுற்ற காலத்தில் காணப்பட்ட இரத்தசோகையை ஆராய 1928இல் வந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், 1929இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துக்கும், 1931இல் சென்னை கோஷா ஆஸ்பத்திரிக்கும் தம் ஆய்வைக் கொண்டுவந்தார். மலிவான ஈஸ்ட் சாறான மார்மைட் அப்பெண்களைத் தேற்றியது. கொடிய இரத்தசோகைக்கு நன்கு பயன்பட்ட தூய ஈரல் சாறோ அவர்களுக்குப் பயன்படவில்லை. எனவே காரணப்பொருள்கள் இரண்டு என்பது புலப்பட்டது. வில்ஸ் சுட்டிய பொருளே ஃபோலிக் அமிலம். அதனை 1945இல் செயற்கையாக உருவாக்கிய லெடர்லி ஆய்வுக்கூடத்தின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

ஃபோலிக் அமிலம் கொடிய இரத்தசோகை நோயாளிகளின் இரத்தத்தைச் சீராக்கியபோதிலும், அவர்களது தண்டுவடமும் நரம்புகளும் கெடுவதைத் தடுக்கவில்லை. நோயின் அடையாளத்தை மறைத்து, சேதத்தைத் தொடரவிட்டது. உண்மையான மருந்துப்பொருளான வைட்டமின் பி12, 1948இல் அமெரிக்காவின் மெர்க் நிறுவனத்திலும் இங்கிலாந்தின் கிளாக்ஸோவிலும் சிவப்புப் படிகங்களாகப் பிரித்தெடுக்கப்பட்டது. நடுவே கோபால்ட் அணு அமைந்த அதன் கட்டமைப்பை டோரதி ஹாட்ஜ்கின் எக்ஸ் கதிர்களின் துணையால் விளக்கினார். தாவரங்கள் பி12ஐ உண்டாக்குவதில்லை, நுண்ணுயிர்களே உண்டாக்குகின்றன. மனிதச் சிறுகுடலில் வாழும் சில பாக்டீரியாக்களும் அதனை ஆக்கவல்லவை என்பதை வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் ஆய்வாளர்கள் 1980இல் காட்டினர். ஆனால், சைவ உணவினருக்கு உறுதியான மூலம் பாலும் தயிருமே.

பிற்கால ஆய்வுகள் பெர்னிசியஸ் அனீமியா இல்லாத முதியோரின் பக்கமும் திரும்பின. வயது ஏறும்போது பலருக்கு இரைப்பையின் உட்படலம் நலிந்து அமிலச் சுரப்பு குறைகிறது. உணவுப் புரதத்தோடு பிணைந்துள்ள பி12 அதனால் விடுபடுவதில்லை. பி12 குறைபாட்டால் நரம்பு, மனநலக் கோளாறுகள் கண்ட 141 நோயாளிகளுள் 40 பேருக்கு இரத்தசோகையோ சிவப்பணுக்களின் பருத்த தோற்றமோ இல்லை என்று 1988இல் ஓர் ஆய்வு வெளிவந்ததும், இரத்த அணுச் சோதனையை மட்டும் நம்பும் பழக்கம் ஆட்டம் கண்டது. 1998இல் அமெரிக்க மருத்துவக் கழகம், முதியோரில் 10 முதல் 30 விழுக்காட்டினருக்கு உணவிலுள்ள இயல்பான பி12ஐ உறிஞ்ச இயலாமற்போகலாம் எனக் கருதி, 50 வயதைக் கடந்தவர்கள் நாளொன்றுக்குத் தேவையான 2.4 மைக்ரோகிராமைப் பெரும்பாலும் செறிவூட்டிய உணவிலிருந்தோ மாத்திரையிலிருந்தோ பெறவேண்டும் எனப் பரிந்துரைத்தது. இவ்வகைப் பி12 புரதத்தோடு பிணையாதிருப்பதால் அதற்கு இரைப்பை அமிலம் வேண்டியதில்லை.

உட்காரணியே இல்லாதவருக்கும் ஊசி ஒன்றே வழியன்று. நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராம் பி12ஐ வாய்வழி கொடுத்தால், அதில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு தானாகவே குடற்சுவரை ஊடுருவும் என்பதையும் அதுவே போதுமானது என்பதையும் ஸ்வீடன் ஆய்வாளர்கள் 1968இல் காட்டினர். நீரிழிவுக்காகப் பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் உண்பவர்களிடமும், இரைப்பை அமிலத்தை ஒடுக்கும் மாத்திரைகளை நெடுங்காலம் உட்கொள்பவர்களிடமும் பி12 அளவு குறையக்கூடும். நீரிழிவாளரான முதியவரின் பாதம் மரத்துப்போகும்போது, அதனை நீரிழிவின் விளைவென்று முடிவு கட்டுவதற்கு முன் இரத்தத்தில் பி12 அளவைச் சோதிப்பது இன்றியமையாதது. ஏனெனில் இக்குறையால் நேரும் நரம்புச் சேதம் தொடக்கத்தில் பெரும்பாலும் மீளத்தக்கது, காலம் தாழ்த்தினால் நிலைத்துவிடக்கூடியது.