ஒரே வீட்ல ரெண்டு குடித்தனம்

விண்டோஸ் இருக்குற கம்ப்யூட்டர்ல லினக்ஸையும் சேத்து வைக்கறது இன்னைக்கு பெரிய வித்தையில்ல. நடுவுல இருக்குற கோட்டை மவுஸால இழுத்து விட்டா பார்ட்டிஷன் சுருங்கிடும். ஆனா அந்தக் கோடு நகர ஆரம்பிச்சது ஒரு தனிக் கதைங்க.

1983ல ஐபிஎம் பிசி எக்ஸ்டி, 10 எம்பி ஹார்ட் டிஸ்க்கோட வந்தது. கூட வந்த டாஸ் 2.0ல எஃப்டிஸ்க் இருந்தது. டிஸ்க்கோட முதல் செக்டார்ல ஒரு அட்டவணை, அதுல நாலே நாலு இடம். எஃப்டிஸ்க்குக்குப் போடத் தெரியும், அழிக்கத் தெரியும். சுருக்க மட்டும் தெரியாது.

1991ல லினக்ஸ் வந்தப்ப இதுதான் பெரிய முட்டுக்கட்டை. டிஸ்க் முழுக்க டாஸ் உக்காந்திருக்கும். 100 எம்பியைக் காப்பி எடுக்கவே 1.44 எம்பி ஃப்ளாப்பி 70 வேணும். அப்புறம் எல்லாத்தையும் அழிச்சு, பிரிச்சு, திரும்ப ஏத்தணும். சும்மா பாத்துட்டு வரலாம்னு நினைக்கறவன் இருக்குற வீட்டை இடிப்பானா?

இதை உடைச்சவர் ஆர்னோ ஷேஃபர். 1993-94ல அவர் எழுதின ஃபிப்ஸ் ஒரு சின்ன, இலவச டாஸ் புரோகிராம். டேட்டாவை அது நகர்த்தாது. மொதல்ல டீஃப்ராக் பண்ணி ஃபைலையெல்லாம் முன்னாடி ஒதுக்கிடணும். பின்னாடி காலியா கிடக்குறதை ஃபிப்ஸ் வெட்டி தனி பார்ட்டிஷனா குடுக்கும். வெட்டறதுக்கு முன்னாடி பூட் செக்டாரை ஃப்ளாப்பியில எடுத்து வைக்கவான்னு கேக்கும்! 90கள்ல பவர்குவெஸ்ட்டோட பார்ட்டிஷன் மேஜிக் டேட்டாவையே நகர்த்திக் காட்டுச்சு, ஆனா காசு குடுத்து வாங்கணும். அந்தக் கம்பெனியை 2003ல சைமன்டெக் வாங்கிடுச்சு.

2001ல எக்ஸ்பி வந்து வீட்டுக்கு வீடு என்டிஎஃப்எஸ் ஆனதும் ஃபிப்ஸ் கைவிரிச்சுது. அதுக்கு ஃபேட் மட்டுந்தான் தெரியும். 2002ல சபோல்ச் சகாசிட்ஸ் என்டிஎஃப்எஸ்ரீசைஸ் எழுதினார், இதுவும் இலவசம். விண்டோஸுக்குள்ளேயே சுருக்குற வசதி வந்தது விஸ்டாவுலதான், 2007ல. அதுலயும் நகர்த்த முடியாத ஃபைல் ஒண்ணு குறுக்க இருந்தா அங்கயே நின்னுடும்.

என்னைக் கேட்டா, லினக்ஸைப் பரப்புனதுல கெர்னலுக்கு எவ்வளவு பங்கோ, இந்தச் சின்ன கருவிங்களுக்கும் அதே அளவு பங்கு உண்டு. பழசை இழக்காம புதுசைத் தொட்டுப் பாக்கற தைரியத்தைக் குடுத்தது இதுங்கதான்.

ஆனா டேட்டா நகரும்போது கரண்ட் போனா இன்னைக்கும் ஆபத்துதான். அதனால ஃபிப்ஸ் காலத்து வரிசை அப்படியே இருக்கு: மொதல்ல பேக்கப், அப்புறம் கோடு :-)